பல் டாக்டர் என்றாலே நடுக்கமா? மரப்பு ஊசி முதல் முழு மயக்கம் வரை ஒரு முழு வழிகாட்டி

"டாக்டரம்மா, பல்லை எடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. ஆனா அந்த நேரத்துல நான் முழிச்சிருக்கக் கூடாது."

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் என் கிளினிக். ஏற்காடு பஸ் போகிற வழி என்பதால் மலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வாரத்துக்கு ஒருவராவது இந்த வசனத்தோடுதான் உள்ளே நுழைவார். அவர்களில் பாதிப் பேருக்கு மயக்க மருந்தே தேவைப்படுவதில்லை. மீதிப் பேருக்கு நிச்சயம் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பேர்க் குழப்பம்

நம் ஊரில் "மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினாங்க" என்பார்கள். விசாரித்தால் அது மயக்க ஊசியாகவே இருக்காது. ஈறில் போடுகிற மரப்பு ஊசி. உள்ளே இருப்பது பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன், கூடவே துளி அட்ரினலின். அந்த இடத்து நரம்பை மட்டும் சில மணி நேரம் மரக்கவைக்கும். நினைவு தெளிவாக இருக்கும், பேசலாம், பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

செடேஷன் என்பது வேறு. அது மூளையைத் தொடுகிற மருந்து. பதற்றம் அடங்கும், கொஞ்சம் தூக்கம் வரும், நடந்தது பாதி மறந்தும் போகும். ஆனால் வலியை அது நிறுத்திவிடாது. அதனால்தான் செடேஷன் கொடுத்தாலும் மரப்பு ஊசியும் போடுகிறோம். "அதான் மயக்கம் குடுத்துட்டீங்களே, இன்னும் எதுக்கு ஊசி?" என்று கேட்காத நோயாளி குறைவு. பயத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு வேறு மருந்து. மரப்பு ஊசி போடாமல் செடேஷனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் மூச்சைத்தான் போய்த் தொடும்.

படி 1: உங்களுக்கு எதற்குப் பயம்?

"எல்லாத்துக்கும்தான்" என்பார்கள். உட்காரவைத்துப் பேசினால் ஏதோ ஒன்றில்தான் வந்து நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற ஒரு தம்பி வந்தார். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் வாழ்கிறவர், டிரில் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி. சிரிஞ்சைப் பார்த்ததும் முகம் வெளிறி, நெற்றியில் வேர்த்து, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். நாற்காலியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தோம், இரண்டு நிமிடத்தில் எழுந்து "சாரிங்க" என்றார். அவருடைய பயம் ஊசி மட்டும்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு நேர்மாறு. பிரசவம், தேள்கடி எல்லாம் பார்த்தவர், வலி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வாய்க்குள் தண்ணீர் தெளிக்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடுமோ என்றுதான் பயம். பதற்றம் வந்தால் இடது கை வளையலை வலது கையால் உருட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு அந்த வளையல்தான் மீட்டர்.

இன்னும் சிலருக்குச் சின்ன வயதில் கையைக் காலைப் பிடித்து அமுக்கிப் பல் எடுத்த ஞாபகம். சிலருக்கு, போன தடவை ஊசி போட்டும் மரக்காமலே போய் வலித்தது. அதற்குக் காரணம் உண்டு: பல்லடியில் சீழ் கட்டியிருந்தால் அந்தத் திசு அமிலத்தன்மை ஆகிவிடும், மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. முதலில் சீழை வடித்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு பல்லில் கைவைத்தால் அதே ஊசி அழகாக வேலை செய்யும். அப்படி அனுபவப்பட்டவருக்கு வேண்டியது மயக்கம் இல்லை, இந்த விளக்கம்தான்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்ததால் "எனக்கு அந்த மருந்து அலர்ஜி" என்று நம்புகிறவர்களும் நிறைய. அந்தப் படபடப்பு பெரும்பாலும் அட்ரினலின் வேலை, சில நிமிடத்தில் அடங்கிவிடும். லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. ஆனாலும் நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்ற பயத்தையும் இங்கேயே இறக்கிவைக்கலாம். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு.

பயத்தை எண்ணால் அளக்க ஒரு வழி இருக்கிறது. எம்.டி.ஏ.எஸ். என்கிற ஐந்து கேள்வி அளவுகோல். நாளைக்குப் பல் டாக்டரிடம் போகணும் என்று நினைத்தால், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தால், டிரில் வைக்கப்போகிறார்கள் என்றால், பல் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப்போகிறார்கள் என்றால் எவ்வளவு பதற்றம்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடுங்கள். கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம், செடேஷன் பற்றிப் பேச வேண்டியதுதான். அதற்குக் கீழே என்றால் முதலில் அடுத்த படியை முயன்று பாருங்கள்.

படி 2: மருந்தே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்

நிறைய தூரம். முதலாவது, கை சமிக்ஞை. இடது கையைத் தூக்கினால் என்ன வேலையாக இருந்தாலும் நான் நிறுத்திவிட வேண்டும் என்று ஒப்பந்தம். ஒருமுறை தூக்கிப் பார்த்து, நான் உண்மையிலேயே நிறுத்துகிறேன் என்று தெரிந்ததும் பலர் அப்புறம் தூக்குவதே இல்லை.

ஊசிக்குப் பயம் என்றால் மரப்பு ஜெல் கேளுங்கள். ஈறைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, ஜெல்லைத் தடவி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் அந்தக் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெல்லிய ஊசி, மெதுவாக ஏற்றுவது, இவையும் முக்கியம். ஊசி வலிப்பது பெரும்பாலும் குத்துவதால் இல்லை, மருந்தை வேகமாகத் தள்ளுவதால்.

கூட்டமில்லாத காலை நேரத்தில் முதல் ஆளாக வாருங்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்குப் பயந்த ஏற்காட்டு அம்மாவுக்கு நாற்காலியை முழுக்கச் சாய்க்காமல், உறிஞ்சு குழாயை அவர் கையிலேயே கொடுத்தேன். முதல் நாள் சுத்தம் செய்வதை அப்படியே முடித்துவிட்டோம். ஆனால் அவருக்கு இருந்த உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு அது போதவில்லை.

படி 3: மருந்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவத்தில் மயக்கத்தை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். லேசான நிலையில் கூப்பிட்டால் சாதாரணமாகப் பதில் சொல்வீர்கள். நடுத்தர நிலையில் கண் சொருகும், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ லேசாகத் தட்டினாலோ விழிப்பீர்கள். ஆழ்ந்த நிலையில் எழுப்புவது கடினம், மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். கடைசி, முழு மயக்கம். எந்த மருந்து என்பதைவிட எந்த நிலை என்பதே முக்கியம். ஒரே மருந்து அளவு கூடினால் அடுத்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

மாத்திரை. டயசபம், அல்பிரசோலம் போன்றவை. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு, சிலருக்கு முந்தின ராத்திரியும் ஒன்று. மலிவு, எளிது. குறை என்னவென்றால், ஒருவருக்குக் கொட்டாவி மட்டும் வரவைக்கும் அளவு இன்னொருவரைத் தூங்கவே வைத்துவிடும், விழுங்கிய பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. டயசபம் உடம்பை விட்டு லேசில் போகாது. பாதி வெளியேறவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் மறுநாளும் மந்தமாக இருக்கலாம். இவை ஹெச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கொடுக்கக் கூடாது, வாங்கியவர் விவரத்தைத் தனி நோட்டில் பதிய வேண்டும். மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுக்கொண்டு வரவே வராதீர்கள். தைரியத்துக்கு ஒரு கட்டிங் போட்டுவிட்டு வருகிற அண்ணன்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். மதுவும் இந்த மருந்துகளும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். வாடை அடித்தால் அன்றைக்கு நான் பல்லைத் தொடுவதில்லை.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், துணைக்கு ஆள் கீழே நிற்கிறார் என்று ஒருவர் சொன்னதை நம்பி மாத்திரை கொடுத்தேன். கீழே யாரும் இல்லை, அவருடைய ஸ்கூட்டர்தான் இருந்தது. முடிந்ததும் அதிலேயே போய்விட்டார். மறுநாள் போன் செய்தபோது "நல்லாத்தாங்க இருக்கேன், ஆனா வீட்டுக்கு எந்த வழியா வந்தேன்னுதான் ஞாபகம் வரல" என்றார். அன்றிலிருந்து, கூட வந்தவர் என் எதிரில் வந்து உட்காராமல் நான் மாத்திரைப் பட்டையைப் பிரிப்பதில்லை.

சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவத்துக்கும் இதற்கும் பழைய உறவு. 1844 டிசம்பரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே எடுக்கச் சொன்னார். மயக்க மருந்தின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். இன்றைக்கு இதை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு மேல் வைக்கும் சின்ன மாஸ்க் வழியாகக் கொடுக்கிறோம். குறைவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம், பெரும்பாலோருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். இதற்கென்று செய்த கருவியில் ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, ஆக்சிஜன் நின்றால் வாயுவும் நின்றுவிடும்.

சில நிமிடத்தில் கைகால் கனமாகவோ காற்றில் மிதப்பது போலவோ இருக்கும், விரல் நுனி லேசாகக் குறுகுறுக்கும். விழுந்து விழுந்து சிரிப்பது எல்லாம் சினிமாவில்தான். ஏற்காட்டு அம்மாவுக்குப் பல் எடுத்த நாளில் இதைத்தான் ஏற்பாடு செய்தோம். மாஸ்க் வைத்ததும் வளையல் வேகமாக உருண்டது. மூக்கால் இழுத்து மூக்காலேயே விடுங்கம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடம் வளையல் மெதுவானது, பிறகு நின்றது, வலது கை தானாகச் சரிந்து மடியில் விழுந்தது. ஜெல் தடவி ஊசியை எடுத்தேன்.

இதில் எனக்குப் பிடித்ததே திரும்பி வரும் வேகம்தான். கடைசியில் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் மூக்கடைப்பு இருந்தால் வேலைக்காகாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், பி12 குறைபாடு, கடுமையான நுரையீரல் நோய், சமீபத்தில் கண்ணுக்குள் வாயு வைத்து விழித்திரை ஆபரேஷன் செய்தவர்கள், காதில் அழுத்தம் உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வேண்டாம். கருவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நரம்பு வழி. கையில் ரத்தக்குழாயில் ஊசி போட்டு மிடசோலம் என்ற மருந்தைக் கொடுப்பது. ஒரு மில்லிகிராம் போல ஏற்றிவிட்டு, ஓரிரு நிமிடம் ஆளைப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்தது. இதனால் மாத்திரையைவிட அளவு துல்லியமாக இருக்கும். பலருக்கு நடந்தது ஞாபகமே இருக்காது. "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று தையல் போட்ட வாயோடு கேட்பார்கள். எலும்பில் புதைந்த ஞானப்பல், ஒரே நாளில் நாலைந்து பல், இப்படிப்பட்ட வேலைக்கு ஏற்றது. மிடசோலம் அதிகமானால் முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மருந்து உண்டு. ஆனால் முறிமருந்தின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும், திரும்பவும் மயக்கம் வரலாம். அதனால் அதைக் கொடுத்தவுடன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்துக்கு முறிமருந்தே கிடையாது. அது மயக்க மருத்துவர் கையில் மட்டுமே இருக்க வேண்டிய மருந்து.

முழு மயக்கம். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில், மூச்சுக்குழாய் வைத்து. எந்த வகையிலும் ஒத்துழைக்க முடியாத சின்னக் குழந்தைகள், சிறப்புக் கவனம் தேவைப்படுபவர்கள், பெரிய தாடை ஆபரேஷன், இதற்கெல்லாம் சரி. ஒரு சொத்தைப் பல்லை அடைக்க இது வேண்டாம்.

படி 4: சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது

குறட்டையைப் பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்குச் செடேஷனில் அதே சிக்கல் பெரிதாகும், அதனால் வீட்டுக்காரம்மாவை அழைத்து வந்து சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இதயம், கல்லீரல், கர்ப்பம், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகள், நாட்டு மருந்து, சூரணம் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் பட்டினி நாளில் மாத்திரை, இன்சுலின் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நீங்க பல்லைப் பார்க்கும்போது என் மூச்சை யார் பார்ப்பாங்க?" நரம்பு வழி மருந்து என்றால் பல் எடுப்பவரே அதையும் கவனித்துக்கொள்வார் என்ற பதிலை ஏற்காதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற தனி ஆள் வேண்டும், மயக்க மருத்துவராக இருந்தால் உத்தமம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், பி.பி. கருவி, ஆக்சிஜன் சிலிண்டர், உறிஞ்சு கருவி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, முறிமருந்து எல்லாம் அறையிலேயே இருக்க வேண்டும். காட்டுங்கள் என்றால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மயக்க மருத்துவரின் கட்டணம் தனியா, சேர்த்தா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 5: சிகிச்சை நாள்

வாயு மட்டும் என்றால் இரண்டு மணி நேரம் முன்பு லேசாக இரண்டு இட்லி சாப்பிடலாம். நரம்பு வழி செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் பட்டினிக் கணக்கு கண்டிப்பு: தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, மற்ற பாலும் லேசான சாப்பாடும் 6, எண்ணெய்ப் பலகாரமும் கறியும் 8 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், அதற்குத்தான் இத்தனை கறார்.

நம் பக்கத்தில் இது உடைவது காபியில்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தாலும் வந்தார், "எதுவும் சாப்பிடலைங்க, வெறும் காபிதான்" என்பது ஒரு வேதவாக்காகிவிட்டது. பால் விட்ட காபி பாலோடு சேர்த்தி, 6 மணி நேரக் கணக்கு. பால் இல்லாத வரக்காபிதான் தண்ணீரோடு சேரும். இந்த ஒரு டம்ளருக்காகத் தள்ளிப்போன சிகிச்சைகள் ஏராளம்.

நகப்பூச்சைத் துடைத்துவிட்டு வாருங்கள், அடர்த்தியாக மருதாணி வைத்த விரலிலும் ஆக்சிஜன் மீட்டர் தடுமாறலாம். தளர்ந்த உடை, கையை மடக்கிவிடக் கூடிய சட்டை. பி.பி. மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாமா என்று முந்தின நாளே கேளுங்கள்.

குழந்தைகள் என்றால்

"ஊசி போட மாட்டாங்க கண்ணு" என்று பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். சாப்பிடாத பிள்ளையை "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டுவதையும் நிறுத்துங்கள், அந்தப் பயத்துக்கு நான்தான் பிறகு வட்டி கட்டுகிறேன். மூக்கால் மூச்சு விடச் சொன்னால் கேட்கிற வயதில், நாலு வயதுக்கு மேல், வாயு நன்றாகப் பலிக்கும். மிடசோலம் சிரப் எடை பார்த்துக் கொடுப்பது, அதைக் கிளினிக்கில்தான் குடிக்க வேண்டும், வீட்டில் கொடுத்துத் தூக்கி வரக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. ஆகவே முழு மயக்கம் தவிர்க்க முடியாது என்றால், எல்லாப் பல்லையும் ஒரே தடவையில் முடிக்கத் திட்டமிடச் சொல்லுங்கள்.

படி 6: வீட்டுக்குப் போவது

மாத்திரையோ நரம்பு வழியோ என்றால் 24 மணி நேரத்துக்கு வண்டி கூடாது, பட்டறை மிஷின் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. டாக்டர் சொன்ன குறிப்பு உங்களுக்கு நினைவிருக்காது, கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. தெளிவாக இருக்கும்போதே சிலருக்குக் குடலைப் புரட்டும், செடேஷன் தெளியாத தலையோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கேட்கவே வேண்டாம். காலையில் சிகிச்சையை முடித்து, மதியம் வரை கிளினிக்கிலோ சேலத்தில் உறவுக்காரர் வீட்டிலோ படுத்திருந்துவிட்டுப் போங்கள். நரம்பு வழி மருந்து என்றால் அன்றிரவு கீழேயே தங்கிவிடுவது நல்லது. ராத்திரி ரத்தம் நிற்காமல் வந்தால் மலையிலிருந்து இறங்குவது லேசான காரியமில்லை.

உதடு மரத்திருக்கும்வரை எதையும் மெல்லக் கூடாது. குழந்தைகள் விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், பக்கத்திலேயே இருங்கள். மரப்பு போனதும் ஆறவைத்த ஜவ்வரிசிக் கஞ்சி, தயிர்சாதம். நம் ஊர் தட்டுவடை செட்டைப் பார்த்து மனசு அடித்துக்கொள்ளும், ஒரு வாரம் அந்தத் தெரு வழியாகப் போகாதீர்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சுவிடச் சிரமம், உதடு நீலமாவது, இதில் எதைக் கண்டாலும் எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் 108-ஐ அழையுங்கள். அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் எனக்கு, எந்த நேரமானாலும்.